தருமியும் சல்லி மாணவனும்: எழுத்துப் போட்டி விதிகள் பற்றிய ஒரு நோக்கு

பரிசு பெற்ற நூல்களைப் பற்றி நம்மவர் நிறைய எழுதியுள்ளனர். பரிசு பெறாத நூல்களைப் பற்றி அதனிலும் நிறையப் பேசியுள்ளனர். ஆயின், பரிசுக்குரிய ஆக்கம் எவ்வாறு அமைதல் வேண்டுமென முன்கூட்டியே வரையறுத்துவிடும் அந்த ஒற்றைத் தாளை, ‘போட்டி விதிகள்’ என்னும் தலைப்பின் கீழ் இலக்கமிட்டு அச்சிடப்படும் அந்த வாசகங்களை, திறனாய்வுக்குரிய பொருளாகக் கொள்வார் அரியர். பக்கத்தின் ஒரு புறத்தில் மட்டும் எழுதுக. இத்தனை சொற்களுக்கு மேற்படாதிருத்தல் வேண்டும். பெயரைத் தனித்தாளிற் குறிப்பிடுக. சொந்த ஆக்கமென உறுதி கூறுக. நடுவர் தீர்ப்பே இறுதியானது. இவற்றை எழுத்தாளன் அலுப்போடு படிக்கிறான். அமைப்பாளர் சென்ற ஆண்டின் தாளிலிருந்து பெயர்த்தெழுதுகின்றனர். இலக்கியத்திற்கும் இத்தாளுக்கும் தொடர்பில்லை என்பதே பொதுவான எண்ணம்.

அவ்வெண்ணம் பொருத்தமற்றது. ஈழத்துத் தமிழ் மக்களுட் பெரும்பாலோர் தம் வாழ்நாளில் பிறர் படிப்பதற்கென எழுதும் முதலாவது கட்டுரை பாடசாலைப் போட்டிக் கட்டுரையே. பலருக்கு அதுவே இறுதியானதாகவும் அமைந்துவிடுகின்றது. எழுத்து என்பது யாது, அது யாருடையது, எதற்காக எழுதப்படுவது என்னும் கேள்விகளுக்கு அவர்கள் பெறும் முதல் விடை அந்தத் தாளிலும், அத்தாளை மூத்தோர் மதிக்கும் அல்லது மதியாத முறையிலுமே உள்ளது. இக்கட்டுரை அவ்விடயத்தையே ஆராய முற்படுகின்றது. பொதுப்படப் பேசுவதினும் ஓரிடத்தை முன்வைத்துப் பேசுதல் தெளிவு தரும் என்பதால், சல்லி என்னும் ஊரை எடுத்துக்கொள்வோம்.

திருகோணமலை நகரிலிருந்து வடக்கே, உப்புவெளியைக் கடந்து நிலாவெளிக்குச் செல்லும் வழியில், சாம்பல்தீவை அடுத்துக் கடலோரமாக அமைந்த சிற்றூர் சல்லி. முத்துமாரியம்மன் ஆலயப் பொங்கலால் மாவட்டம் முழுதும் அறியப்பட்டது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் அமைந்துள்ள கோணேசபுரி இவ்வூருக்கு அண்மையது. மீன்பிடியே ஊரின் முதன்மையான தொழில். 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆந் திகதி கடல் எழுந்து வந்தபோது திருகோணமலைக் கரையோரத்து ஏனைய ஊர்களைப் போலவே இவ்வூரும் தாக்குண்டது. இன்று பாடசாலையிற் பயிலும் பிள்ளைகள் அதன் பின் பிறந்தவர்கள். எனினும், அவ்வனுபவத்தைச் சொல்ல வீட்டிலே பெரியவர்கள் இருக்கின்றனர்.

இத்தகைய ஊரிலுள்ள மாணவனுக்குத் தமிழில் எழுதிப் பெயர்பெறக் கிடைக்கும் முதல் வாய்ப்பு, கல்வி அமைச்சு ஆண்டுதோறும் நடத்தும் தமிழ்மொழித் தினப் போட்டியாகும். கட்டுரை, கவிதை, சிறுகதை ஆகிய ஆக்கப் போட்டிகள் பாடசாலை மட்டத்தில் தொடங்கி, கோட்டம், வலயம், மாகாணம் எனப் படியேறி, அகில இலங்கை மட்டத்தில் முடிவுறும். எழுத்தாற்றல் ஒன்றையே முதலாகக் கொண்டு கடற்கரைச் சிற்றூரின் பிள்ளையொருவன் தலைநகர் வரை செல்லக்கூடிய ஏணி அது. ஏணி உறுதியாக இருக்க வேண்டுமாயின் படிகள் எல்லோருக்கும் ஒரே அளவினவாய் இருத்தல் வேண்டும். விதி என்பது அப்படிகளுக்கு இடப்பட்ட பெயர்.

எழுத்தாளர் மிக அதிகமாக முறையிடுவது சொல்லெல்லை பற்றியே. மேதைமை அளவுக்குள் அடங்காது என்பார்க்கு ஐரோப்பிய இலக்கிய வரலாறு ஒரு வலுவான சான்றைத் தருவதுபோலத் தோன்றும். பிரான்சின் டிஜோன் நகரக் கலைக்கழகம் நடத்திய கட்டுரைப் போட்டியில், 1750ஆம் ஆண்டு, ஜான் ஜாக் ரூசோ முதற்பரிசாகிய பொற்பதக்கத்தை வென்றார். அதுவரை பெரிதும் அறியப்படாதிருந்த அவரை ஐரோப்பா முழுவதும் அறியச் செய்தது அப்பரிசே. 1753இல் அதே கழகம், மனிதரிடையே ஏற்றத்தாழ்வு தோன்றியது எவ்வாறு, அஃது இயற்கை விதியால் ஒப்பப்படுவதா என்னும் வினாவை அடுத்த போட்டிக்கு அறிவித்தது. ரூசோ மீண்டும் எழுதியனுப்பினார். அரசியற் சிந்தனை வரலாற்றில் அக்கட்டுரைக்குள்ள இடம் பல்கலைக்கழக மாணவர்க்கு எடுத்துரைக்க வேண்டியதன்று. ஆனால் கழகம் அதனை இறுதிவரை வாசிக்கவேயில்லை. முக்கால் மணி நேரத்துக்குள் வாசித்து முடிக்கத்தக்கதாய்க் கட்டுரை இருத்தல் வேண்டுமென்பது கழகத்தின் விதி; ரூசோவின் கட்டுரையோ அதனைப் பெரிதும் விஞ்சியது. பரிசு தல்பேர் என்னும் பாதிரியார் ஒருவருக்குச் சென்றது. இன்று அவரை நாம் நினைப்பதற்குரிய காரணம், ரூசோவை வென்றவர் என்பதொன்றே.

இந்நிகழ்ச்சியைக் காட்டி, விதியை மதித்த கழகம் அறிவை மதிக்கவில்லை எனச் சாடுவது எளிது. எனினும், அவ்வாண்டு எழுதிய ஏனையோர் பக்கமிருந்து நோக்குமிடத்துக் காட்சி மாறுகின்றது. அவர்கள் தம் கருத்துகளைச் சுருக்கியிருப்பர். மனம் விரும்பிய பந்திகளை வெட்டியிருப்பர். முக்கால் மணி நேரத்திற் சொல்லக்கூடியது எது என்று தேர்ந்திருப்பர். ஒருவருக்கு மட்டும் இரு மடங்கு இடம் கொடுத்து ஒப்பிடுவது எவ்வாறு நேர்மையாகும்? கழகம் ரூசோவின் நூலைத் தடைசெய்யவில்லை; தீயிடவில்லை; தன் பரிசுக்குரிய போட்டியிலிருந்து விலக்கியது, அவ்வளவே. நூல் 1755இல் அம்ஸ்ரடாமில் அச்சாகித் தன் வழியே சென்றது. சுவையான செய்தி யாதெனில், இதைப் பற்றி ரூசோவுக்கு மனக்குறை இருந்ததாகத் தெரியவில்லை என்பதாகும். இத்தகைய கட்டுரைக்குக் கழகங்கள் பரிசு தருவதில்லை என முன்னரே அறிந்துதான் அனுப்பியதாகத் தம் சுயசரிதையில் அவர் கூறுகின்றார். போட்டிக்குள் அடங்க எழுதுவது ஒன்று, போட்டியின் வினாவைத் தூண்டுகோலாகக் கொண்டு தனக்கென எழுதுவது மற்றொன்று என்னும் வேறுபாடு அவருக்கு விளங்கியிருந்தது. அறுநூறு சொற்கள் கேட்ட இடத்தில் ஆயிரத்தைந்நூறு எழுதிவிட்டு நடுவர் மீது சினங்கொள்ளும் நம் இளங்கவிஞர்க்கு அது விளங்குவதில்லை.

தவிரவும், அளவு என்பது தமிழ்ப் புலவனுக்கு அந்நியமானதொன்றா? நான்கு சீரும் மூன்று சீருமாக ஏழு சீருக்குள் உலகியல் முழுவதையும் பேசிய மரபு நம்முடையது. வெண்டளை பிறழ்ந்தால் அது வெண்பாவன்று என்பதை ஏற்கும் நாம், சொல்லெல்லை மீறினால் அது போட்டிக் கட்டுரையன்று என்பதை ஏற்கத் தயங்குவது விந்தையே. பரிசுக்கென எழுதியது நிலைக்காது என்னும் பேச்சும் முழுதும் மெய்யன்று. 1966ஆம் ஆண்டு கல்கி வெள்ளிவிழா நாவற் போட்டியில் முதற்பரிசு பெற்ற உமாசந்திரனின் ‘முள்ளும் மலரும்’ இன்றும் பேசப்படுகின்றது. 1978இல் வெளியான மகேந்திரனின் திரைப்படமும் அதற்கொரு காரணம் என்பதை மறுப்பதற்கில்லை.

பெயரை மறைத்து அனுப்புதல் என்னும் விதி இதனினும் ஆழமானது. பதினெட்டாம் நூற்றாண்டுக் கலைக்கழகங்களிற் கட்டுரையின் தலைப்பில் ஒரு முதுமொழியை மட்டும் எழுதி, அதே முதுமொழி பொறித்த மூடிய உறைக்குள் பெயரை வைத்தனுப்புவது வழக்கமாயிருந்தது. பரிசு முடிவான பின்னரே உறை திறக்கப்படும். நாம் இன்று பயன்படுத்தும் சுட்டெண் முறை அதன் வழிவந்ததே. எழுதியவன் இன்னான் மகன், இன்ன பாடசாலையான், இன்ன ஊரான் என்பதை நடுவர் அறியாதிருத்தல் வேண்டும் என்பது இதன் நோக்கம். நகரத்துப் பெரிய கல்லூரியின் பெயரும் சல்லியின் பெயரும் ஒரே தட்டில் வைக்கப்படும் ஒரே கணம் அதுவே. ஆகவே, தன் பெயரைக் கட்டுரைக்குள் நுழைத்துவிடும் மாணவனின் தாளை விலக்கும் நடுவரைக் கொடியவர் எனல் தகாது. அம்மாணவன் உடைத்தது தன்னையும் காக்கும் அரணை.

ஆனால், இவ்வரண் இருபுறமும் நிற்க வேண்டியது. எழுதுவோன் தன்னை மறைக்கிறான். நடுவரோ தம்மைப் போட்டியிலிருந்து விலக்கிக் கொள்ளுதல் வேண்டும். இவ்விரண்டாவது பகுதி மீறப்பட்டதற்கு நம் நாட்டின் தேசியகீத வரலாறே சான்று. 1948இல் இலங்கை சுதந்திரம் பெற்ற வேளை, தேசியகீதம் ஒன்றைத் தெரிவுசெய்வதற்கு லங்கா கந்தர்வ சபை போட்டியொன்றை நடத்தியது. ஆனந்த சமரக்கோன் 1940இல் இயற்றியிருந்த ‘நமோ நமோ மாதா’ என்ற பாடலும் அதற்கு அனுப்பப்பட்டது. பரிசு பெற்றதோ பி. பி. இலங்கசிங்கவும் லயனல் எதிரிசிங்கவும் இணைந்து ஆக்கிய பாடல். அவ்விருவரும் போட்டியின் நடுவர் குழுவில் இருந்தவர்கள்! அவர்களின் பாடல் 1948 பெப்ரவரி 4ஆந் திகதி காலையில் வானொலியில் ஒலிபரப்பாயிற்று. ஆனால் எழுந்த கண்டனத்தினிடையே அதிகாரபூர்வமான விழாவிற் பாடப்படவில்லை. இறுதியில் 1951 நவம்பர் 22ஆந் திகதி சமரக்கோனின் பாடலே தேசியகீதமாக ஏற்கப்பட்டது. அதன் தமிழாக்கம் புலவர் மு. நல்லதம்பியுடையது. பரிசு பெற்ற பாட்டு எவ்வளவு சிறந்ததாயிருந்தது என்பதை ஆராய எவருக்கும் இன்று மனம் வருவதில்லை. அது சிறந்ததாகவே இருந்திருக்கலாம். நடுவரே போட்டியாளராயினர் என்ற ஒரு செய்தி அப்பாட்டின் மீது என்றென்றும் நிழலாகப் படிந்துவிட்டது. விதி மீறல் ஏமாந்தவனை மட்டுமன்றி வென்றவனையும் அழிக்கும் என்பதற்கு இதனிலும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

இனி, எல்லா விதிகளுக்கும் நடுவணதாகிய ‘சொந்த ஆக்கம்’ என்னும் விதிக்கு வருவோம். இங்கே நாம் பேச வேண்டியவன் தருமி.

திருவிளையாடற் புராணத்திற் பரஞ்சோதி முனிவர் பாடியுள்ள கதை யாவரும் அறிந்தது. பாண்டியன் உள்ளத்தில் ஓர் ஐயம். அவ்வையத்தைத் தெளிவிக்கும் பாட்டுக்கு ஆயிரம் பொன் கொண்ட கிழி சங்கமண்டபத்தில் தூக்கப்படுகின்றது. மணம்புரிவதற்குப் பொருள் வேண்டி நின்ற ஆதிசைவ இளைஞன் தருமிக்கு இறைவன் ஒரு பாட்டை எழுதிக் கொடுக்கிறான். அவன் அதனை அவையில் ஒப்புவிக்கிறான். அரசன் மகிழ்கிறான். கிழியை அறுக்கப் போகும் வேளையிலே நக்கீரன் தடுக்கிறான். இக்கதையை நாம் வழமையாகப் படிப்பது நக்கீரனின் நெஞ்சுரத்திற்காக. கடவுளேயாயினும் குற்றம் குற்றமே என்ற நிலைப்பாடு நம் திறனாய்வாளர்க்குப் பெருமிதம் தருவது. மேடைகளிற் சலிக்கச் சலிக்கக் கூறப்பட்டு வருவது. 1965இல் வெளிவந்த திரைப்படத்தின் பின்னர் தருமியோ நகைப்புக்குரிய பாத்திரமாகிவிட்டான்.

போட்டி விதி என்னும் கோணத்தில் நோக்கின், இக்கதையில் இதுவரை நாம் பெரிதும் பொருட்படுத்தாத ஒன்று புலப்படும். புராணத்தின்படி, பாட்டை இயற்றியவன் தருமியல்லன் என்பது அவையில் வெளிப்பட்ட பின்னரும், அவன் தகுதியிழந்தான் என எவரும் கூறவில்லை. நக்கீரன் எழுப்பிய தடை பாட்டின் பொருளைப் பற்றியது. முடிவில் கிழி தருமிக்கே கிடைக்கின்றது. பிறன் பாட்டைத் தன் பாட்டாக ஒப்புவித்தவனுக்குச் சங்கம் பரிசளித்ததா? ஆம், அளித்தது. அதில் முறைகேடு உண்டா? இல்லை என்றே கூறத் தோன்றுகின்றது. ஏனெனில், அரசன் கேட்டது ஒரு விடையை. அதனை இயற்றிய புலவனை அறிவது அவன் நோக்கமன்று. தன் கருத்தை உரைக்கும் பாட்டு எங்கிருந்து வரினும் அவன் நோக்கம் நிறைவேறிவிடும். ‘சொந்த ஆக்கமாதல் வேண்டும்’ என்று அவன் அறிவித்ததாகப் புராணம் கூறவில்லை. குறுந்தொகையில் அதே செய்யுள் இரண்டாம் பாட்டாக, இறையனார் பெயரால், அரசனும் ஐயமும் கிழியும் இன்றி, தலைவன் தலைவியின் நலம் பாராட்டும் களவுக்காலப் பாட்டாகவே நிற்கின்றது என்பதையும் ஈண்டு நினைவிற் கொள்ளலாம். கிழியின் கதை பிற்காலத்தது. பாட்டுக்கு ஒரு போட்டியைக் கற்பித்தவர்கள், இயற்றியவனும் ஒப்புவித்தவனும் வெவ்வேறானவர் என்பதையும் மறைக்காமற் கூறினர்.

பாடசாலைப் போட்டியின் நிலை நேர்மாறானது. கடல்வளம் பற்றிப் பதின்மூன்று வயதுச் சிறுவனிடம் கட்டுரை கேட்கும் கல்வித் திணைக்களத்துக்குக் கடல்வளம் பற்றிய தகவல் தேவைப்படவில்லை. அதற்கு வேறு நூல்கள் உண்டு. அங்கே வேண்டப்படுவது அச்சிறுவன்: அவன் எவ்வாறு காண்கிறான், கண்டதை எவ்வாறு அடுக்குகிறான், எந்தச் சொல்லைத் தேடிக் கண்டடைகிறான் என்பதே. எனவே தருமிக்குக் குற்றமாகாத ஒன்று அச்சிறுவனின் போட்டியிற் போட்டியையே இல்லாதாக்கிவிடுகின்றது.

ஆயின் நடப்பது யாது? போட்டிக்குப் பல வாரங்களுக்கு முன்னரே ஆசிரியர் ஒருவர் கட்டுரையை எழுதுகிறார். மாணவன் அதனை மனனம் செய்கிறான். போட்டி மண்டபத்தில், கண்காணிப்பாளர் முன்னிலையில், குறித்த நேரத்துக்குள், தன் கையாலேயே எழுதுகிறான். விதியின் எந்த எழுத்தும் மீறப்படவில்லை. தாள் ஒரு புறத்தில் மட்டும் எழுதப்பட்டுள்ளது, ஓரம் விடப்பட்டுள்ளது, சொற்கள் எண்ணப்பட்டுள்ளன. விதியின் உயிர் மட்டும் அங்கே இல்லை. தலைப்பு மண்டபத்திலே தரப்படும் போட்டிகளிலும் இது குறைவதில்லை. பசுவைப் பற்றி மனனம் செய்த பிள்ளை, தென்னையைப் பற்றி எழுதச் சொன்னபோது, பசுவைத் தென்னையிற் கட்டிவிட்டுப் பசுவைப் பற்றியே எழுதி முடித்த கதை நம்மிடையே நகைச்சுவையாக வழங்குகின்றது. அது நகைச்சுவையாக நிலைத்ததற்குக் காரணம் அது நாள்தோறும் நடப்பதே. இக்கட்டுரையாளர் நடுவராக அமர்ந்த, பெயர் சுட்ட வேண்டாத போட்டியொன்றில், மூன்று தாள்களின் முதற்பந்தி எழுத்துக்கு எழுத்து ஒன்றாயிருந்தது. ஒரே இடத்தில் ஒரே எழுத்துப்பிழையும் இருந்தது. மூவருள் எவரும் மற்றவரைப் பார்த்தெழுதவில்லை. வெவ்வேறு மண்டபங்களில் இருந்தனர்.

இதனாற் சல்லி மாணவன் இழப்பது என்ன என்பதைச் சற்று விரிவாக நோக்க வேண்டும். கரைவலை இழுக்கப்படும் கடற்கரையில் வளர்பவன் அவன். தோணி வலையை வளைத்துவிட்டு வருவதும், இரு தலைப்பிலும் ஆட்கள் நின்று கயிற்றை இழுப்பதும், இழுப்போர் களைப்புத் தீர அம்பா பாடுவதும், மடி கரைசேரும் போது சம்மாட்டி முதல் நாய்கள் வரை யாவரும் ஓரிடத்திற் கூடுவதும் அப்பிள்ளைகளின் உலகத்தைச் சேர்ந்தவை. வாடைக் காலத்திற் கடல் கொந்தளித்து வீட்டில் வருமானம் நின்றுபோவதும், சோழகம் வீசும் மாதங்களிற் கீழைக்கடல் அடங்கித் தொழில் பெருகுவதும், அப்பருவத்தில் நீர்கொழும்பு முதலிய இடங்களிலிருந்து வேற்றூர் மீனவர் வந்து தங்குவதும் அவன் எவரிடமும் கேட்டறிய வேண்டியவை அல்ல. இத்தகைய ஒருவன் கடலைப் பற்றி எழுதும் கட்டுரையில், நீலத்திரைகள் கரையைத் தாலாட்டும் என்றும், கடலன்னை வாரி வழங்குவாள் என்றும், ஊர் எதுவெனத் தெரியாத வாக்கியங்கள் நிரம்பியிருக்கின்றன. அவ்வாக்கியங்களை எழுதியவர் பிழையற்ற தமிழறிந்த நல்லாசிரியராயிருக்கலாம். ஆனால் 2004இன் அலையைக் கண்ட பாட்டியுடன் ஒரே வீட்டில் வாழும் பிள்ளை, ‘கடலன்னை’ என்ற சொல்லைத் தானே எழுத நேர்ந்திருந்தால் ஒரு கணம் நிறுத்தியிருப்பான். அந்தத் தயக்கத்திலிருந்துதான் எழுத்துப் பிறக்கும். மனனம் அத்தயக்கத்துக்கு இடமளிப்பதில்லை.

இதே மாவட்டத்தில், கொட்டியாரக் குடாவின் கரையிலுள்ள மூதூரில், வ. அ. இராசரத்தினம் என்ற ஆசிரியர் இருந்தார். தனக்கென ஒரு தோணி வேண்டுமென ஏங்கும் மீனவச் சிறுவனின் மனத்தை அவர் ‘தோணி’ என்னும் கதையாக்கினார். அப்பெயரால் 1962இல் வெளிவந்த தொகுதி இலங்கைச் சாகித்திய மண்டலப் பரிசைப் பெற்றது. ஈழத்துச் சிறுகதை பற்றிய எந்த வரலாறும் அக்கதையைத் தவிர்த்துச் செல்வதில்லை. திருகோணமலைக் கடற்கரையின் வாழ்வு பரிசுக்கு உதவாது என்று கருதுவோர்க்கு இது போதிய விடை. அக்கதை வேறெவரோ எழுதித் தந்து இராசரத்தினம் ஒப்பித்ததாக இருந்திருந்தால் எவ்வாறிருக்கும் என எண்ணிப் பார்ப்பதே வேடிக்கையாயுள்ளது.

ஆசிரியர் பக்கத்து நியாயத்தையும் கூறாது விடுதல் முறையன்று. அவர்கள் சொல்வது இது: “நகரத்துப் பாடசாலைகளில் நூலகம் உண்டு, படித்த பெற்றோர் உண்டு, தனியார் வகுப்புகள் உண்டு, அங்கும் எழுதித்தான் கொடுக்கிறார்கள். நாங்கள் மட்டும் விதியைப் பிடித்துக்கொண்டு நின்றால் எங்கள் பிள்ளை கோட்ட மட்டத்தையே தாண்டமாட்டான்.” இதனைச் சோம்பலின் சாக்கு என ஒதுக்கிவிட முடியாது. போரும் இடப்பெயர்வும் சுனாமியும் கண்ட ஊர்களில், ஒரு சான்றிதழ் ஒரு குடும்பத்துக்குத் தரும் நம்பிக்கை சிறிதன்று. பிள்ளைக்கு இரங்கியே இறைவன் தருமிக்குப் பாட்டெழுதிக் கொடுத்தான் என்பதையும் மறத்தலாகாது. இரக்கமே பெரும்பாலான விதிமீறல்களின் தாய்.

எனினும், இவ்வாதம் தன்னைத்தானே தோற்கடிப்பது. எழுதிக் கொடுப்பதே போட்டியானால், வெல்வது எழுதிக் கொடுப்பவரின் வசதியே. சல்லி ஆசிரியரின் கட்டுரை நகரத்துச் சிறப்பாசிரியரின் கட்டுரையோடு மோதுகின்றது. மாணவர் இருவரும் அஞ்சற்காரர்கள். அந்த மோதலிற் சிற்றூர் பெரும்பாலும் தோற்கவே செய்யும். சிற்றூர்ப் பிள்ளை நகரத்துப் பிள்ளையை விஞ்சக்கூடிய ஒரே இடம், அவன் கண்டதும் மற்றவன் காணாததுமாகிய உலகம். ‘சொந்த ஆக்கம்’ என்னும் விதி மெய்யாகவே பேணப்படும் போதுதான் அவ்வுலகம் புள்ளிபெறும். ஏழைப் பாடசாலைக்கு இரங்கி அவ்விதியைத் தளர்த்துவோர், அப்பாடசாலையின் கையிலிருக்கும் ஒரே ஆயுதத்தைப் பறிக்கின்றனர்.

பயிற்சி வேண்டாமென்பது இதன் பொருளன்று. மாணவனுக்குத் தலைப்பைப் பிரித்து நோக்கக் கற்பிப்பதும், அவன் எழுதியதைப் படித்து இவ்விடம் மயங்குகின்றது எனச் சுட்டுவதும், பிழை திருத்துவதும் ஆசிரியரின் கடமை. திருத்தத்துக்கும் எழுதிக் கொடுத்தலுக்கும் இடையே கோடு எங்கே என்று கேட்பாருண்டு. மாணவன் எழுதிய பின்னர் ஆசிரியர் பேனாவை எடுத்தாரா, அதற்கு முன்னரே எடுத்தாரா என்பதைக் கொண்டு பெரும்பாலும் தீர்மானிக்கலாம்.

இன்று இச்சிக்கல் புதியதொரு வடிவமும் எடுத்துள்ளது. கேட்ட தலைப்பிற் கேட்ட அளவிற் கட்டுரை தரும் கணினிச் செயலிகள் கைத்தொலைபேசியிலேயே கிடைக்கின்றன. 2023 பெப்ரவரியில், அமெரிக்காவின் ‘கிளார்க்ஸ்வேர்ல்ட்’ என்னும் அறிவியற் புனைகதைச் சஞ்சிகை, இயந்திரம் எழுதிய கதைகள் வெள்ளமாய் வந்து குவிந்தமையால், ஆக்கங்கள் பெறுவதையே சில காலம் நிறுத்தி வைக்க நேர்ந்தது. முன்னர் தருமிக்கு மட்டும் கிடைத்த வரம் இப்போது எல்லோர்க்கும் கிடைக்கின்றது. இதற்கெதிராகக் கண்டுபிடிப்புக் கருவிகளை நாடுவதாற் பெரும்பயன் விளையுமெனத் தோன்றவில்லை. எழுதிக் கொடுத்ததை ஒப்புவிப்பதே எழுத்து எனச் சிறுவயதிலிருந்து பழகிய ஒருவன், எழுதிக் கொடுப்பவர் ஆசிரியரா இயந்திரமா என்று எதற்காக வேறுபாடு காண்பான்?

அமைப்பாளர் செய்யக்கூடியவை சில உண்டு. அவை பெருஞ்செலவு பிடிப்பனவல்ல. பரிசுக்குரியவர் எனத் தேரப்பட்ட மாணவருடன் நடுவர் ஐந்து நிமிடம் உரையாடலாம். இந்தச் சொல்லை ஏன் இட்டாய் என்று கேட்டால், தானே எழுதிய பிள்ளை விடை சொல்லும். பெரும்பாலும் மகிழ்ச்சியோடு சொல்லும். தலைப்புகளும் ஊரைத் தொடும் தலைப்புகளாக அமையலாம். ‘கடல்’ என்பதற்குப் பதிலாக ‘எங்கள் கரையில் ஒரு காலை’ எனக் கேட்டால், வாங்கி வைத்த வாக்கியங்களிற் பாதி பயனற்றுப் போகும். நடுவர் பெயர்களைப் போட்டி முடிந்த பின்னராயினும் வெளியிடுதல் வேண்டும்; அவர்தம் பிள்ளைகளும் மாணவரும் அப்பிரிவிற் போட்டியிடலாகாது என்பது விதித்தாளிலேயே எழுதப்படுதல் வேண்டும். 1948இன் அனுபவம் அதற்குப் போதும். பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் நடத்தும் போட்டிகளும் இதற்கு விலக்காகா. பரிசு பெற்ற கதையின் உரிமை எழுதியவனுக்கா, சங்கத்துக்கா என்பதைத் தெளிவாகக் கூறாத விதித்தாள்கள் நம் கைகளிலும் உலவுகின்றன.

இறுதியாக மொழிநடை பற்றி ஒன்று. பொருள், அமைப்பு, மொழிநடை, எழுத்துப்பிழையின்மை எனப் புள்ளிகளைப் பங்கிடுவது வழமை. மடி, சம்மாட்டி, அம்பா, சோழகம் போன்ற சொற்கள் மாணவனின் தாளில் வரும்போது அவற்றை ‘கொச்சை’ எனச் சிவப்பு மையாற் சுழிக்கும் நடுவரும் உளர். மண்வாசனை எனப் போற்றி மேலதிகப் புள்ளியிடும் நடுவரும் உளர். ஒரே சொல் வலய மட்டத்திற் பிழையாகவும் மாகாண மட்டத்திற் சிறப்பாகவும் கொள்ளப்படுமாயின், அதனை எழுதிய பிள்ளை அடுத்த முறை எந்தச் சொல்லை எழுதும்? அதற்கு விதித்தாளில் இன்றுவரை ஒரு வரி இல்லை. அடுத்த சுற்றுநிருபம் அச்சேறுமுன், தொழிற்சொற்களும் வட்டார வழக்கும் பிழையாகக் கொள்ளப்படமாட்டா என்ற ஒரு வரியை அதிற் சேர்ப்பதற்கு அதிகாரிகளை விடத் தமிழ் கற்பிக்கும் விரிவுரையாளரே முதலில் முயலுதல் வேண்டும். அந்நடுவர்களுட் பலர் நம்மிடம் பயின்றவர்களே.